வொர்க் ப்ரொஃபைல்: ராத்திரி ஆபீசை ஆஃப் பண்ணும் பட்டன் எப்படி இருக்கிறது?

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு, அதாவது வெளிநாட்டு பையரின் துணி ஆர்டரை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொள்பவருக்கு, வேலை நேரம் என்று ஒன்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் மட்டும்தான் இருக்கும். ஆறரைக்கு பஞ்ச் வைத்துவிட்டு வண்டியை எடுத்தால் அவினாசி ரோட்டு டிராபிக் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப் ஆரம்பித்துவிடும். லேப் டிப் (சாயக் கலர் மாதிரி) என்னாச்சு, பிபி சாம்பிள் (தயாரிப்புக்கு முந்தைய மாதிரி) கூரியர் போயாச்சா, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு எத்தனை பெட்டி பேக் ஆகியிருக்கு. இதற்கு மருந்து தேடியதில் ஆண்ட்ராய்டில் இருக்கும் வொர்க் ப்ரொஃபைல் கண்ணில் பட்டது. கொஞ்ச காலமாக அதில்தான் ஓடுகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் எப்படி இருக்கு, போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது புது சமாச்சாரம் இல்லை. 2014-ல் ஆண்ட்ராய்டு 5 வந்தபோதே கூட வந்தது. பெரிய கம்பெனிகளில் ஐடி ஆட்களே போனில் போட்டுத் தருவார்கள். எங்கள் பக்கம் ஐடி டிபார்ட்மென்ட் என்றால் பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எடுத்துவிடும் தம்பி ஒருவர், அவ்வளவுதான். அதனால் ஷெல்ட்டர் என்ற ஆப்பை எஃப்-ட்ராய்டு என்ற இலவச ஆப் ஸ்டோரிலிருந்து இறக்கி நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. போட்டதும் போனுக்குள் இன்னொரு போன் மாதிரி தனியாக ஒரு பகுதி உருவாகும். அதற்குள் வைக்கும் ஆப்களின் மேல் குட்டியாக ஒரு ப்ரீஃப்கேஸ் படம் ஒட்டியிருக்கும். நான் வைத்திருப்பது ஆபீஸ் மெயில், வாட்ஸ்அப் பிசினஸ், கூரியர் டிராக்கிங் ஆப். மேலிருந்து விரலால் இழுத்து ஒரு பட்டனைத் தட்டினால் மூன்றும் சாம்பல் நிறமாகிவிடும். நோட்டிஃபிகேஷன் வராது, பின்னணியிலும் ஓடாது.

முதலில் கொஞ்சம் எரிச்சல் வரும். வொர்க் ப்ரொஃபைலுக்கு கான்டாக்ட் லிஸ்ட்டே தனி. அதனால் டையிங் யூனிட், பிரின்டிங் ஜாப் ஒர்க், ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) எல்லாரும் வெறும் நம்பராகத்தான் தெரிவார்கள், மறுபடி உட்கார்ந்து சேவ் பண்ண வேண்டும். போட்டோவும் அப்படித்தான், அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரியாது. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதும் அதேதான். முன்பெல்லாம் கேலரியைத் திறந்தால் பாப்பாவின் பிறந்தநாள் கேக்குக்கு அடுத்த படம் ரிப் காலரில் விழுந்த ஓட்டை, அதற்கடுத்து ஆயில் கறை பட்ட பீஸை யாரோ விரலால் காட்டிக்கொண்டிருப்பது, அப்புறம் திருச்செந்தூர் கடற்கரை. இப்போது கறையும் ஓட்டையும் அந்தப் பக்கமே இருந்துகொள்கின்றன.

ஆபீசுக்கென்று தனி நம்பர் இல்லாமல் இது பாதி வேலைதான் செய்யும். இரண்டாவது சிம்முக்கு மாசாமாசம் டேட்டா பேக் போட வேண்டுமே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் கொடுக்கும் பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. ஆபீஸ் நம்பருக்கு அந்த மாதிரி பேக் போதும். வாட்ஸ்அப்புக்கு நெட் எந்த சிம்மிலிருந்து வருகிறது என்பதெல்லாம் பிரச்சினையே இல்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த ரீசார்ஜை கம்பெனிதான் கட்ட வேண்டும். கேட்டுப் பாருங்கள், பதிலில் உங்கள் கம்பெனியின் லட்சணம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் எதற்கு, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை வெறுமனே மியூட் பண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பை நிரந்தரமாக மியூட் பண்ணும் வசதி 2020-லேயே வந்துவிட்டது, ஆர்கைவ் பண்ணி ஓரமாகவும் தள்ளலாம். ஆனால் அக்கா அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க வாட்ஸ்அப்பைத் திறக்கிறோம், ஆர்கைவ்டு என்பதற்குப் பக்கத்தில் ஒரு எண் நிற்கிறது, கை சும்மா இருக்குமா? திறந்து பார்த்துவிட்டால் ப்ளூ டிக் விழுந்துவிடும். பார்த்துவிட்டு பதில் போடவில்லை என்பது எங்கள் ஆபீசில் கொலைக்குற்றத்துக்குக் கொஞ்சம் கீழே. வொர்க் ப்ரொஃபைலை நிறுத்தி வைத்தால் அனுப்பியவருக்கு ஒற்றை டிக்தான் தெரியும். போன் சார்ஜ் இல்லையோ, நெட் இல்லையோ, ஊருக்குப் போகிற வழியில் டவர் இல்லையோ என்று அவரே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினால் மட்டும் அங்கே டெலிவர் ஆகி இரட்டை டிக் விழும். லாக்-அவுட் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து கால். இதில் வொர்க் ப்ரொஃபைல் கையை விரித்துவிடுகிறது, அது நிறுத்துவது ஆப்பை மட்டும்தான், சிம்மை இல்லை. ஒற்றை டிக்கைப் பார்த்துப் பொறுமை போனவர் அடுத்து கால்தான் பண்ணுவார். டு நாட் டிஸ்டர்ப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அதில் ரிபீட் காலர் என்று ஒரு விதி இருக்கிறது: ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கும். அவசரத்துக்காக வைத்த நல்ல விதிதான். எங்கள் ஜிஎம்முக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது, இருந்தும் முதல் காலை எடுக்காவிட்டால் உடனே இரண்டாவது கால் அடிப்பது அவர் பழக்கம். அந்த விதியை அணைத்து வைக்கலாம், இல்லையென்றால் செட்டிங்ஸில் போய் ஆபீஸ் சிம்மையே ராத்திரிக்கு ஆஃப் பண்ணலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

வாட்ஸ்அப் பிசினஸில் அவே மெசேஜ் என்று ஒன்று உண்டு. "அலுவலக நேரம் முடிந்தது, காலையில் பதில் தருகிறேன்" என்று எழுதி வைத்தால் வேலை நேரத்துக்கு வெளியே வரும் மெசேஜுக்கு அதுவே பதில் போகும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் அது போக வேண்டுமென்றால் போனில் ஆப்புக்கு நெட் இணைப்பு இருக்க வேண்டும். ஆப்பை நிறுத்தி வைத்தால் அவே மெசேஜும் சேர்ந்து தூங்கிவிடும். மரியாதையாகப் பதில் சொல்வதா, நிம்மதியாக இருப்பதா, ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். நான் நிம்மதியை எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவு செய்தும் மனசுக்குள் ஒரு உறுத்தல் இருக்கிறது. பட்டன் என் கையில் இருப்பதால் அதைத் தட்டியவன் நான் என்று ஆகிவிடுகிறது. பத்து மணிக்கு மெசேஜ் போட்டவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த நாள் மீட்டிங்கில், "என்னங்க, நேத்து ரீச் ஆகவே முடியலையே" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள், நாம் அசட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டும். வேலை நேரத்துக்குப் பிறகு முதலாளி தொடர்பு கொள்ளலாமா என்று வெளிநாடுகள் போட்ட சட்டங்களும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டப்படி ஊழியர் பதில் சொல்லாமல் இருக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் தவிர. ஆக, பட்டன் அங்கேயும் ஊழியர் கையில்தான். பிரான்ஸில் 2017 முதல் 50 பேருக்கு மேல் இருக்கும் கம்பெனிகள் இதைப் பற்றி ஊழியர் தரப்போடு பேசி முடிவெடுக்க வேண்டும். போர்ச்சுகல் 2021-ல் கொண்டுவந்த சட்டம் நேராக முதலாளியைப் பார்த்துச் சொல்கிறது: ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்பு கொள்ளாதே, தவிர்க்கவே முடியாத சூழ்நிலை தவிர. எனக்குச் சரியென்று படுவது இதுதான். அனுப்புகிறவர் விரலுக்குத்தான் விதி வேண்டும். வாங்குகிறவர் காதைப் பொத்திக்கொள்ளட்டும் என்பது பாதி நியாயம்.

இங்கே இது சட்டமாகும் என்று காத்திருக்க வேண்டாம். எம்.பி. சுப்ரியா சுலே 2018 கடைசியில் ஒரு முறையும் 2025 டிசம்பரில் மறுபடியும் மக்களவையில் தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதாவாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-ல்.

"பையர் வெளிநாட்டில் இருக்கான், டைம் வேற, நாமதான் அட்ஜஸ்ட் பண்ணணும்" என்பது எங்கள் ஊரின் தேசிய கீதம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியை விட நாம் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே சாயங்காலம் 5 மணிக்கு ஆபீசை மூடும் முன் பையர் ஒரு மெயில் தட்டினால் இங்கே எட்டரையோ ஒன்பதரையோ. அவருக்கு அது வேலை நேரம், அதில் தப்பே இல்லை. பெரும்பாலும் அவர் கேட்பதும் நாளைக்குள் சொன்னால் போதும் என்கிற கேள்விதான். அதை எடுத்து பத்தே காலுக்கு குரூப்பில் ஃபார்வர்டு பண்ணி, கீழே இரண்டு கேள்விக்குறி போட்டு, பின்னாடியே வாய்ஸ் மெசேஜும் விடுவது ஜெர்மனியில் இருப்பவர் இல்லை, இங்கே திருப்பூர் வேலம்பாளையத்தில் இருப்பவர். சொல்லப்போனால் அந்த ஜெர்மனியில்தான் ஃபோக்ஸ்வாகன் 2011 கடைசியில் ஊழியர் பிரதிநிதிகள் குழுவோடு ஒப்பந்தம் போட்டு, ஷிப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் ஊழியர்களின் பிளாக்பெர்ரிக்கு மெயில் போவதை சர்வரிலேயே நிறுத்தியது. டைம்லர் 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. லீவில் இருப்பவருக்கு வரும் மெயிலை அழித்துவிட்டு, வேறு யாரைக் கேட்க வேண்டும் என்று அனுப்பியவருக்கே பதில் போகும்படி வைத்தது, ஊழியர் விரும்பினால். பட்டனை கம்பெனியே தட்டியது என்பதுதான் இதில் விஷயம்.

அவசரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாயம் போட்ட துணி லாட் ராத்திரி பதினொன்றுக்கு மெஷினிலிருந்து இறங்கும், கலர் ஷேடு ஓகே சொல்ல ஆள் வேண்டும். தூத்துக்குடி போகிற லாரி பாதி வழியில் நின்றுவிடும், சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில் கெடு முடியப்போகும், துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்கும் கட்-ஆஃப் நேரம் நெருங்கும். அப்போது யாராவது போனை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த யாராவது தினமும் எல்லாரும் என்று ஆகக் கூடாது. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அதற்குக் காசும் கொடுத்தால் மீதிப் பேர் நிம்மதியாக ஆஃப் பண்ணிக்கொள்வார்கள். கீழே ஃப்ளோரில் டெய்லரும் செக்கிங் அக்காக்களும் எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட் என்று நோட்டில் ஏறும். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது எத்தனை யூனிட்டில் நடக்கிறது என்பது வேறு கதை, ஆனாலும் அவர்கள் நின்ற நேரத்துக்கு ஒரு கணக்காவது இருக்கிறது. மாடியில் ஏசி ரூமில் உட்காரும் ஸ்டாஃப், சாப்பிட்டுக்கொண்டே இடது கையில் பத்து மணி வரை டைப் அடித்தால் அதற்கு அரை ஷிப்ட்டும் கிடையாது, கால் ஷிப்ட்டும் கிடையாது.

மெயிலை இப்போது எழுதி காலையில் போகும்படி வைக்கும் வசதி ஜிமெயிலில் 2019-லிருந்து இருக்கிறது, அவுட்லுக்கிலும் இருக்கிறது. ராத்திரி ஞாபகம் வந்ததை மறக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் மேலே இருப்பவர்கள் கவலை என்றால் இதைப் பயன்படுத்தலாமே. எங்கள் ஆபீசில் இதைத் தொட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறது, இலவசம், வீட்டுப் போட்டோவும் ஆபீஸ் போட்டோவும் கலக்காது. போன் காலைத் தடுக்காததற்கும் கான்டாக்ட் தலைவலிக்கும் ஒன்றரை குறைத்திருக்கிறேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ட்ரெய்னிகள் இதைப் போட்டுவிட்டு தைரியமாக இருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது, அவர்கள் நிலைமை வேறு. மற்றவர்கள் போடலாம். எல்லா போனிலும் ஒரே மாதிரி ஓடாது, கம்பெனி ஆண்ட்ராய்டை எவ்வளவு மாற்றி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு போனுக்கு ஒரு வொர்க் ப்ரொஃபைல்தான், ஆபீசில் ஏற்கெனவே ஒன்று போட்டுத் தந்திருந்தால் ஷெல்ட்டர் ஏறாது. அப்புறம், பிடிக்கவில்லை என்று ப்ரொஃபைலை நீக்குவதாக இருந்தால் முதலில் வாட்ஸ்அப் சாட்களை பேக்கப் எடுத்து வையுங்கள், நீக்கினால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும், பையர் அப்ரூவல் போட்டோ உட்பட.