மாசாமாசம் வாங்கும் சாமானுக்கு எது சரி: சந்தாவா, கணிப்பா?

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், அம்மா கோபியில் தனியாக இருக்கிறார். அவருக்கு வேண்டிய சாமானை ஆன்லைனில் போட்டுவிடுவது ரெண்டு வருடமாக என் பொறுப்பு. அதனால் இந்த அலசல் முழுக்க அந்த ஒரு வீட்டை வைத்துத்தான்.

முதலில் சப்ஸ்கிரிப்ஷன் போட்டேன். பிரஷர் மாத்திரை, கடலெண்ணெய், சோப்புத்தூள், டீத்தூள் எல்லாம் மாதம் ஒரு தடவை. இதில் மெஷின் லேர்னிங் (பழைய தகவலைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்வது) எதுவும் கிடையாது, வெறும் காலண்டர். நாள் வந்தால் பெட்டி வந்து இறங்கிவிடும். மாத்திரைக்கு இதைவிட நல்ல வழி இல்லை, தினம் ஒன்று என்றால் முப்பது நாளில் முப்பது தீரும். எண்ணெய் அப்படித் தீராது. மாரியம்மன் நோம்பிக்கு அக்கா குடும்பம் வந்து தங்கி, முறுக்கும் கச்சாயமும் சுட்டால் பத்து நாளில் டின் காலி. அம்மா என்னிடம் வந்து பதினைந்து நாள் இருந்தால் சொட்டுக்கூடக் குறையாது. போன வருடம் ஒருநாள் போனில், “ஏங்கண்ணு, இன்னும் ரெண்டு டின்னு அப்படியே கெடக்குது, எதுக்கு மறுபடியும் அனுப்பிச்சே?” என்று கேட்டார். தேதியைத் தள்ளிவைக்க வசதி இருந்தது, ஆனால் அதை நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஞாபகம் வைக்கும் வேலை வேண்டாம் என்றுதானே சந்தா போட்டது.

அடுத்தது கணிப்பு: எப்போது தேவைப்படும் என்று கணித்து, பழைய சாமான்களை ‘மறுபடி வாங்கு’ என்று எடுத்துக் காட்டும் பக்கம். இதன் பின்னால் இருக்கும் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அமேசான் ஆய்வாளர்கள் 2018-இல் கேடிடி (KDD) என்ற தரவு ஆய்வு மாநாட்டில் வைத்த கட்டுரையில் முதல் கேள்வியே, இந்தச் சாமானை ஜனங்கள் திரும்ப வாங்குகிறார்களா என்பதுதான். வாஷிங் மெஷின் அங்கேயே கழிந்துவிடும், சோப்புத்தூள் நிற்கும். அப்புறம் எப்போது என்ற கேள்வி. நீங்கள் ரெண்டே தடவை வாங்கியிருந்தால் மற்றவர்கள் வாங்கும் வேகத்தை நம்பிக் கணிக்கும். பத்துத் தடவை வாங்கிவிட்டால் உங்கள் சொந்த வேகத்துக்கே எடை கூடும். வாங்கிய மறுநாளே அதே பொருளை நீட்டாது, வழக்கமான இடைவெளி நெருங்க நெருங்க மேலே ஏற்றும், ரொம்ப நாள் தாண்டிவிட்டால் விட்டுவிட்டார்கள் போல என்று கீழே இறக்கும். இந்த முறையை வைத்துப் பார்த்ததில் அந்தப் பக்கத்தில் கிளிக் 7%-க்கு மேல் கூடியதாக எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. 2015-இல் அமேசான் அமெரிக்காவில் கொண்டுவந்த டேஷ் பட்டன்: சோப்புத்தூள் தீர்ந்தால் சுவரில் ஒட்டிய பட்டனை அழுத்தினால் போதும், ஆர்டர் போய்விடும். அழுத்தும்போது விலை தெரியவில்லை என்று 2019 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் அதைச் சட்டமீறல் என்றது. அந்த வருடமே பட்டன் விற்பனையும் நின்றது. நியாயமான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். நம் ஊரில் எண்ணெய் விலை ஏறி இறங்கும் வேகத்துக்கு, விலை பார்க்காமல் வாங்கச் சொல்லும் எதையும் அம்மா வீட்டுச் சுவரில் ஒட்ட மாட்டேன்.

ஆக என் ஓட்டு கணிப்புக்கு, ஆனால் அது ஞாபகப்படுத்துவதோடு நிற்க வேண்டும், தானாக ஆர்டர் போடக் கூடாது. காரணம், அதற்குத் தெரியாத விஷயம் நிறைய இருக்கிறது. என் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் ஒரே அக்கவுண்டில் வாங்கிக்கொண்டிருந்தபோது, ரெண்டு வீட்டு இடைவெளியும் ஒன்றாகக் கலந்து, பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை டீத்தூள் வேண்டுமா என்று கேட்டது. கணக்கின் மேல் தப்பில்லை, அதற்குக் கிடைத்த வரலாறு அப்படி. அம்மாவுக்குத் தனி அக்கவுண்ட் திறந்த பிறகு மூன்று நான்கு மாதத்தில் சரியாகிவிட்டது. அதே மாதிரி சந்தையில் கையில் காசு கொடுத்து வாங்கும் சாமான் அதன் கண்ணில் படவே படாது.

இப்போது மாத்திரை மட்டும் சந்தாவில் இருக்கிறது. எண்ணெய், சோப்புத்தூள், டீத்தூள் எல்லாம் அந்தப் பக்கத்தில் மேலே வந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிட்டு அனுப்புகிறேன். கொள்ளும் வரமிளகாயும் ஆன்லைனில் போடுவதை விட்டுவிட்டேன், அதை அவரே சந்தையில் அள்ளிப் பார்த்துத்தான் வாங்குவார்.