காவாங்கரை அக்கா கடை: புட்டு, சம்பல், ஓர் அதிபர் தேர்தல்

சென்னை ஜி.என்.டி. சாலையில் காவாங்கரை நிறுத்தத்தில் இறங்கி, புழல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கும் பக்கமாக நடந்தால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கூரைக் கடை வரும். அக்கம்பக்கத்தில் அதற்கு அக்கா கடை என்றே பெயர். காலையில் புட்டும் இடியப்பமும், மாலையில் ரோல்ஸும் கொத்து ரொட்டியும் விற்கும் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், உணவோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. இங்கு வருபவர்களில் பலர் பேசுவதற்காகவே வருகிறார்கள். 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கை அதிபர் தேர்தலில் யாரை ஆதரித்திருக்க வேண்டும் என்ற வாதம், முடிவு வந்து இத்தனை காலமான பிறகும் இந்தக் கடை பெஞ்சில் ஓயவில்லை.

முதலில் புட்டு. சிவப்பரிசி மாவை, பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்து, உதிரியாக வாழையிலையில் கொட்டுகிறார்கள். மாவு கட்டிதட்டாமலும் வறண்டு போகாமலும் இருப்பதற்கு அக்காவின் கைப்பக்குவம்தான் காரணம். பக்கத்தில் தேங்காய்ப்பால் விட்ட சொதி, கடைசியில் பிழிந்த எலுமிச்சையின் புளிப்போடு வரும். காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்து உரலில் இடித்த சம்பல், வட சென்னையில் நான் சாப்பிட்ட துவையல்கள் எதற்கும் குறைந்ததல்ல. கொத்து ரொட்டியை மட்டும் தவிர்த்துவிடலாம்: எண்ணெய் அதிகம், கறி குறைவு, நம் ஊர் கொத்து பரோட்டாவுக்குப் பழகிய நாக்குக்காகச் சால்னாவை ஊற்றி அதன் குணத்தையே மாற்றிவிட்டார்கள்.

இனி, பெஞ்சில் நடக்கும் வாதம். இந்தத் தேர்தலில் போட்டியிட்டவர்கள் 38 பேர் என்றாலும், இங்கே பேச்சு அநுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டி, சஜித் பிரேமதாசவின் டெலிபோன், ரணில் விக்கிரமசிங்கவின் கேஸ் சிலிண்டர், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்கு ஆகிய நான்கு சின்னங்களைச் சுற்றியே நடக்கிறது. சிலிண்டருக்கு இந்தப் பெஞ்சில் ஆதரவாளர் கிடையாது. பேசுபவர்களில் ஒருவருக்கும் வாக்கும் கிடையாது: வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வசதியை இலங்கை ஏற்படுத்தவில்லை, இந்தியக் குடியுரிமை இல்லாததால் இங்கும் வாக்களிக்க முடியாது. ஆனால் வவுனியாவிலும் மன்னாரிலும் இருக்கும் அண்ணன், தங்கை, மச்சான்களுக்கு வாக்கு உண்டு. அவர்கள் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் தொலைபேசியில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதால், இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சாக இருக்கவில்லை.

பெயின்ட் வேலைக்குப் போகும் மன்னார்ப் பெரியவர் ஒருவர் சங்குக்கு ஆதரவாக வைக்கும் வாதம் வலுவானது. 2010-இல் தமிழ்க் கட்சிகள் சொன்னபடி சரத் பொன்சேகாவுக்கும், 2015-இல் மைத்திரிபால சிறிசேனவுக்கும், 2019-இல் சஜித்துக்கும் வாக்களித்தாயிற்று. அவர்களில் 2015-இல் ஒருவர் வென்றும் அரசியல் தீர்வு வரவில்லை, ஆகவே வெல்லப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு தமிழருக்கு வாக்களித்து எண்ணிக்கையைக் காட்டுவதில் என்ன தவறு என்கிறார். அதற்கு அக்கா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, 2005-ஐ நினைவுபடுத்துவார். அந்தத் தேர்தலில் புலிகள் விதித்த புறக்கணிப்பால் வடக்கில் மக்கள் பெருமளவில் வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச சுமார் 1,80,000 வாக்குகள் வித்தியாசத்தில் ரணிலை வென்றார். "அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை. என்ர ஆள் டெலிபோன்தான்," என்பது அவருடைய வாதம். இலங்கைத் தமிழரசுக் கட்சியும் சஜித்தைத்தான் ஆதரித்தது என்பதை அவர் சேர்த்துச் சொல்வார். அக்கட்சிக்குள்ளேயே சிலர் சங்கின் பக்கம் நின்றதைப் பெரியவர் விடாமல் சொல்வார்.

திசைகாட்டிக்காகப் பேசுவது முகாமிலேயே பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி. இணைந்திருந்த வட, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்க அநுரவின் கட்சியான ஜே.வி.பி. வழக்குப் போட்ட பழைய கணக்கைப் பெரியவர் அவளிடம் எடுத்து வைத்த விதம் கேட்கத்தக்கது.

"வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லிக் கோட்டுக்குப் போனது ஆர் பிள்ளை? 2006-இல தீர்ப்பு வாங்கினது ஆர்?"

"ஓம் மாமா, அவைதான். மற்ற ரெண்டு பேற்ற ஆக்களும் பிறகு ஆட்சியில இருந்தவைதானே, திருப்பிச் சேர்த்து வைச்சவையே?"

பெரியவர் பிளேன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டீ கேட்டார். மாணவி சொன்னது நியாயமான பதில் என்றே எனக்குத் தோன்றியது, ஆனால் பழைய வழக்குக்கு அது விடையாகாது.

உண்மையில் இந்தச் சண்டையைத் தீர்க்கும் வழி வாக்குச்சீட்டிலேயே இருந்தது என்பதுதான் என் கருத்து. இலங்கை அதிபர் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்பங்களைக் குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பங்களை எண்ணுவார்கள். பெரியவர் ஊரிலுள்ள தன் உறவினர்களிடம் சங்குக்கு 1 போட்டுவிட்டு டெலிபோனுக்கோ திசைகாட்டிக்கோ 2 போடச் சொல்லியிருந்தால், எண்ணிக்கையும் காட்டியிருக்கலாம், முடிவிலும் கை வைத்திருக்கலாம். 2024-இல்தான் வரலாற்றில் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது: அநுர 42.31 சதவீதமும் சஜித் 32.76 சதவீதமும் பெற்றிருந்தார்கள். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் சீட்டுகளிலிருந்து இந்த இருவருக்கும் சேர்ந்து வந்தது ஏறத்தாழ 2.7 லட்சம் வாக்குகளே. மீதிச் சீட்டுகள் யாருக்கும் பயன்படாமல் நின்றுபோயின. சங்கு பெற்ற வாக்கு சுமார் 2.26 லட்சம். "ரெண்டாவதைப் போடுறது முதலாவதுக்குத் துரோகம்" என்று பெரியவர் இன்னும் சொல்கிறார். நான் அதை ஏற்கவில்லை. சட்டம் கொடுத்த இரண்டாவது விருப்பத்தை வேண்டாம் என்று ஒதுக்குவது கொள்கைப் பிடிப்பு ஆகாது. மாணவியும் இதில் என் பக்கம், அவள் காரணம் வேறு.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். வாதம் சூடு பிடித்தால் பரிமாறுவது நின்றுவிடுகிறது. சம்பல் வரும்போது புட்டு ஆறிவிடும். உட்கார இரண்டு பெஞ்சுகள்தான், கை கழுவ ஒரு வாளியும் குவளையும். மீன் குழம்பு நண்பகலுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது, அதை முன்கூட்டிச் சொல்லும் வழக்கமும் இல்லை. விலை குறைவு: புட்டும் சொதியும் சம்பலும் சேர்ந்து 50 ரூபாய்.

சாப்பாட்டுக்காக வருபவர்கள் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவது நல்லது. அந்நேரம் வேலைக்குப் போகும் கூட்டம், யாரும் அரசியல் பேசுவதில்லை. பேச்சுக்காக வருபவர்கள் ஞாயிறு மாலை வரலாம். அதே ஆண்டு நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் திசைகாட்டி பிடித்ததிலிருந்து மாணவியின் குரல் உயர்ந்திருக்கிறது. வட மாகாண சபைக்கு 2013-க்குப் பிறகு நடக்காமலிருக்கும் தேர்தலைப் பற்றிப் பெரியவர் அவளிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ரோல்ஸ் ஐந்து மணிக்கு எண்ணெயிலிருந்து இறங்கும்.