மோதல் சோதனைக்கான பாதுகாப்புப் பெட்டி: மண்டபம் கடற்கரையில் ஆறு ஆண்டுப் பயன்பாடு

ஃபைபர் படகுகளுக்கான தகடுகள் மோதலை எந்த அளவு தாங்கும் என்பதை அறிய, காற்றழுத்தக் குழலிலிருந்து எஃகுக் குண்டுகளை அவற்றின்மீது செலுத்திப் பார்க்கும் சோதனையை மண்டபம் அருகே ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். குழலின் முன்னால் நிற்கும் பாதுகாப்புப் பெட்டியை நானே வரைந்து, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினேன். இதுவரை ஒரு குண்டுகூட வெளியே வந்ததில்லை. ஆனால் குண்டுகள் செய்யாத சேதத்தை உப்புக் காற்று செய்துவிட்டது.

12 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஏறத்தாழ 7 கிராம் இருக்கும். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் அது சுமார் 80 ஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், சுவர்களை நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வேகத்துக்கு அல்லாமல், குழல் தரக்கூடிய உச்ச வேகத்துக்கே கணக்கிட்டேன். பின்சுவர்த் தகட்டின் மேல்விளிம்பைக் குழலின் பக்கம் சாய்த்து, தெறிக்கும் குண்டு கீழே உள்ள மணல் தொட்டியில் விழும்படி செய்தேன். அந்தத் தொட்டியில் அருகில் கிடைத்த கடல் மணலை நிரப்பியது என் தவறு. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்ததால், இரண்டாம் ஆண்டிலேயே அடித்தகடு துருப்பிடித்து உரிந்தது. இப்போது நன்கு அலசிக் காயவைத்த ஆற்று மணலையே இடுகிறோம்.

அதிகக் கவனம் கேட்பது பார்வைச் சாளரம். அக்ரிலிக் சில்லுச் சில்லாக உடையும் என்பதால் 12 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டைத் தேர்ந்தேன். அதைச் சட்டத்தின் உட்புறத்தில் பொருத்தியது நல்ல முடிவு. அடி விழுந்தால் பலகை சட்டத்தின்மீதே அழுந்துமே தவிர, போல்ட்டுகளை மட்டும் நம்பி நிற்காது. மூன்றாம் ஆண்டில், படிந்திருந்த உப்பைப் போக்க எங்கள் உதவியாளர் தின்னரால் துடைத்தார். சில நாட்களில் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும், அத்தகைய பலகையின் வலிமையை நம்ப முடியாது, அன்றே கழற்றிவிட்டேன். அதன்பின் சோப்பு நீரும் மென்மையான பருத்தித் துணியும் மட்டுமே. வெப்பத்தில் பாலிகார்பனேட் எஃகைவிட ஐந்தாறு மடங்கு விரிவதால், புதிய பலகையில் துளைகளைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இட்டு, ரப்பர் வாஷர் வைத்து, அளவாகவே முறுக்கினோம்.

குழலிலிருந்து வரும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். ஆனால் நேர்த்துளை கூடாது. வளைந்து திரும்பும் பாதை அமைத்திருக்கிறேன். அதில் குறை எதுவும் இல்லை.

கதவு மூடினால்தான் குழல் இயங்கும்படி வைத்த சுவிட்ச்தான் என்னை மிகவும் அஞ்ச வைத்தது. ஒரு வாடைக் காலத்துக்குப் பிறகு அதன் உள்முனைகள் பச்சை பூத்திருந்தன. தொடர்பு அறுந்தால் குழல் இயங்காதவாறு கம்பி இணைத்திருந்ததால் விபரீதம் நேரவில்லை. வேலைதான் இரண்டு நாள் நின்றது. இப்போது நீர்புகா உறையுள்ள இரண்டு சுவிட்சுகளைத் தொடராக இணைத்து, ஒவ்வொரு சோதனை நாளின் காலையிலும், காற்றழுத்தம் ஏற்றாமல், கதவைத் திறந்துவைத்து அவை குழலைத் தடுக்கின்றனவா என்று பார்த்த பின்னரே குண்டை இடுகிறோம்.