சந்திப்பு நாளில் பிள்ளைக்கு அடி விழுந்தால்: போலீஸா, சமூகநல இலாகாவா, உயர்நீதிமன்றமா?

விவாகரத்து ஆனபின் வார இறுதியில் அப்பா வீட்டுக்குப் போய்வரும் பிள்ளை உடம்பில் தடிப்போடு திரும்பினால், "இனி அனுப்பவே மாட்டேன்" என்றுதான் எந்தத் தாய்க்கும் வாயில் வரும். எனக்கும் வந்தது. பினாங்கில் நான் பார்த்த லாயர் அம்மா அதற்கு ஒப்பவில்லை. பார்க்கும் உரிமை கோர்ட் உத்தரவில் இருக்கிறது. நாமாக நிறுத்தினால் நீதிமன்ற அவமதிப்பு என்று பிள்ளையின் அப்பா மனுப் போடலாம் என்றார். உடனடி ஆபத்து என்றால் அனுப்பச் சொல்ல யாருக்கும் மனம் வராது, சரி. ஆனால் அன்றைக்கே ரிப்போர்ட்டும் லாயர் கடிதமும் போய்விட வேண்டும்.

போலீஸ் ரிப்போர்ட், அரசாங்க மருத்துவமனை இரண்டுக்கும் மாற்றுக் கருத்தே கிடையாது. பிள்ளையைப் பரிசோதிக்கும் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம். அதே சட்டத்தின் 31ஆவது பிரிவில் பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வேகம் என்று பார்த்தால் சமூகநல இலாகாதான். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தப்படி, வன்முறை செய்பவரைத் தடுக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணையை இலாகா அதிகாரியே தரலாம். கோர்ட் படி ஏறத் தேவையில்லை. 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணிலிருந்தே தொடங்கலாம். இந்த ஆணையை நான் எடுக்கவில்லை. எடுத்த தோழி ஒருத்தியின் அனுபவத்தை மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவசர ஆணையின் ஆயுள் 7 நாள். அடுத்தது இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. அது போலீஸ் விசாரணையோடு கட்டிப்போட்டது. சாட்சி போதவில்லை என்று விசாரணையை மூடிவிட்டால் ஆணையும் முடிந்தது. இங்கேதான் நான் தயங்கினேன். இந்த ஆணைகளில் எதுவும் பழைய சந்திப்பு உத்தரவைத் திருத்தி எழுதுவதில்லை. ஆணை காலாவதியான மறுவாரம், 'சனி காலை முதல் ஞாயிறு மாலை வரை' என்ற அதே வரி அப்படியே உயிரோடு இருக்கும். அப்பா வாசலில் வந்து ஹார்ன் அடித்தால், சட்டம் அவர் பக்கம்.

அதனால் நான் போனது உயர்நீதிமன்றத்துக்கு. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டத்தின் 96ஆவது பிரிவு, சூழ்நிலை கணிசமாக மாறியிருந்தால் பிள்ளையின் பராமரிப்பு (கஸ்டடி) உத்தரவைத் திருத்த வழி விடுகிறது. (முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா நீதிமன்றம், அது வேறு பாதை.) செலவு அதிகம், காத்திருப்பும் அதிகம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம். அவசர மனு என்று லாயர் சான்று கொடுத்துப் போட்டால், முழு விசாரணைக்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்க முடியும். ரிப்போர்ட், மருத்துவ அறிக்கை, தேதியோடு படங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு இணைக்கப்படும். ஆக, முன்னே சொன்ன இரண்டு வழியும் இதற்குத் தீனிதான்.

பிள்ளை விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசிப் பார்க்கலாம். சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஒப்பித்த பேச்சு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சந்திப்பையே அடியோடு ரத்து செய்யும்படி கேட்காமல், இரவு தங்கலை மட்டும் எடுத்துவிட்டு மேற்பார்வையோடு பார்க்கும்படி கேட்டோம். கோர்ட்டுக்கு ஒத்துக்கொள்ள எளிதான கோரிக்கை அது. ஒன்றை மட்டும் லாயரிடம் விட்டுவிடாதீர்கள்: யார் மேற்பார்வை என்பதைப் பெயரோடு எழுத வைக்க வேண்டும். "குடும்பத்தினர் ஒருவர்" என்று பொதுவாக விட்டால் அப்பாவின் தம்பி வந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் உத்தரவில் என் அண்ணன் பெயர், மால் உணவகம், மணி எல்லாம் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்து வருவதும் அவர் பொறுப்பு.