‘லினக்ஸிலும் ஓடும்’ என்று விற்கும் மலிவு வைஃபை டாங்கிள்: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

பெட்டியின் முன்பக்கம் ‘டூயல் பேண்ட் 5ஜி, 600 எம்பிபிஎஸ்’. பின்பக்கம் லினக்ஸின் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) சின்னமான பென்குயின் படம், அதன் கீழே ‘லினக்ஸ்’. கம்பெனி பெயர் கிடையாது. நானூறு ஐநூறு ரூபாய்க்கு இப்படி ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளை (கம்ப்யூட்டரில் செருகினால் வைஃபை பிடிக்கும் சிறு கருவி) யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இதை 450 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். ‘தாராளமா ஓடும்ணே, பெட்டியிலயே போட்டிருக்கான் பாருங்க’ என்றார் கடைக்காரர்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல் வேண்டும். பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகனிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப். இந்த மாதிரி கம்ப்யூட்டருக்கெல்லாம் லினக்ஸ்தான் கதி; நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை இருக்காது. அதற்கு டாங்கிள் தேடிக் கடைக்குப் போகிறவர்கள், புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் 450 ரூபாயைப் பிடுங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, என்ன நடந்தது என்று சொல்கிறேன். டெஸ்க்டாப்பில் இருந்தது லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 21, அதன் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.15. டாங்கிளைச் செருகினால் வைஃபை வரவில்லை. ஏதோ ஒரு சிடி போட்டது போல டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் வந்தது. டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளை (செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடுவது) கொடுத்துப் பார்த்தேன். ‘ரியல்டெக் ஆர்டிஎல்8188ஜியூ’ என்று ஆரம்பித்த வரி ‘டிரைவர் சிடிரோம் மோடு’ என்று முடிந்தது. அதாவது, செருகியதும் இந்தச் சாதனம் தன்னை வைஃபை என்று சொல்லிக்கொள்ளாது. விண்டோஸ் டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) உள்ளே வைத்திருக்கும் ஒரு சிடி டிரைவாகத்தான் காட்டிக்கொள்ளும். அந்த ஐகானை இஜெக்ட் செய்தால் பிறகு வைஃபையாக மாறும். மாறியது. ஆனால் 5.15 கெர்னலில் இந்தச் சிப்புக்கு டிரைவரே கிடையாது.

பெட்டியோடு ஒரு குட்டி சிடி வந்தது. அதில் ‘லினக்ஸ்’ என்று ஒரு ஃபோல்டரும் இருந்தது. திறந்தால் மிகப் பழைய கெர்னல் 2.6 காலத்து சோர்ஸ் கோடு, அதுவும் வேறொரு சிப்புக்கானது. பென்குயின் படத்துக்கு அவர்கள் காட்டக்கூடிய ஆதாரம் இவ்வளவுதான்.

கடைக்குத் திரும்பப் போனேன். கடைப் பையன் அங்கிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, ‘ஓடுது பாருங்கண்ணே, உங்க லினக்ஸ்லதான் கோளாறு’ என்றான். உரிமையாளர் தன் பங்குக்கு, ‘ஐந்நூறு ரூபா குடுங்க, விண்டோஸ் போட்டுத் தர்றேன்’ என்றார். திருட்டு விண்டோஸ்தான், வேறென்ன. தம்பி, திரையில் வரும் வைஃபை லிஸ்டில் 5ஜி வைஃபை ஒன்றைக் காட்டு என்று பையனிடம் கேட்டேன். இங்கே 5ஜி என்பது போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை; டூயல் பேண்ட் என்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் பிடிக்கவேண்டும். கடையின் ரவுட்டரிலேயே 5ஜி உண்டு. அவன் போனில் அதன் பெயர் பளிச்சென்று தெரிகிறது. டாங்கிள் செருகிய கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் வரவே இல்லை. வராது. ஆர்டிஎல்8188ஜியூ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் சிப். அதிகபட்ச வேகம் 150 எம்பிபிஎஸ். ‘600’ என்று போடவேண்டுமானால் 2.4-இல் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் சேர்த்திருக்க வேண்டும். இதிலோ அந்த இரண்டாவது பாதியே கிடையாது.

ஆகவே இது லினக்ஸ் பிரச்சினை இல்லை. விண்டோஸ்காரர்களையும் சேர்த்துத்தான் ஏமாற்றுகிறார்கள். அவர்களுக்கு நெட் வந்துவிடுவதால் பேண்ட் எத்தனை என்று யாரும் பார்ப்பதில்லை. லினக்ஸில் வேலை செய்யாததால் நாம் உள்ளே தோண்டிப் பார்க்கிறோம், அதனால் இந்தப் பொய் வெளியே வருகிறது. ‘450 ரூபா பொருளுக்கு இவ்வளவு கேள்வியா’ என்று உரிமையாளர் எரிச்சலோடு கேட்டார். பணம் தரவில்லை. பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்ததைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிட்டார்.

அப்புறம் மின்ட் 22 போட்டேன். அதன் கெர்னல் 6.8-இல் இந்தச் சிப்புக்கு டிரைவர் இருக்கிறது. வைஃபை வந்தது. வைஃபை சாதனத்தின் விவரம் காட்டும் ‘ஐடபிள்யூ லிஸ்ட்’ கட்டளையில் ‘பேண்ட் 1’, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ், மட்டுமே காட்டியது. 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் ‘பேண்ட் 2’ என்றும் வரும். அந்தத் திரையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்பவர்கள் கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், சிப்பின் பெயரைக் கேளுங்கள். ஒரே மாடலிலேயே சிப் மாறும். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் மாடலில் முதல் வெர்ஷனில் ஏத்ரோஸ் ஏஆர்9271 இருந்தது, லினக்ஸ்காரர்களின் செல்லப்பிள்ளை. இரண்டாம் வெர்ஷனில் ரியல்டெக் வந்துவிட்டது. பழைய பரிந்துரையைப் படித்துவிட்டுப் புதிய வெர்ஷனை வாங்கினால் கிடைப்பது வேறு பொருள். 2.4 மட்டும் போதும் என்றால் மீடியாடெக் எம்டி7601யூ போதும், 2015-இல் வந்த கெர்னல் 4.2 முதல் ஆதரவு உண்டு. 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் எம்டி7612யூ, கெர்னல் 4.19 முதல். ஆர்டிஎல்8811சியூ 6.2-இலிருந்தும், ஆர்டிஎல்8812ஏயூ அதற்குப் பிந்தைய புதிய கெர்னல்களிலும் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. அதற்கு முந்தைய கெர்னலில் இருப்பவர்கள் வெளியிலிருந்து டிரைவரின் சோர்ஸ் கோடை எடுத்துக் கம்பைல் செய்யவேண்டும் (ஓடக்கூடிய வடிவமாக மாற்றவேண்டும்). கெர்னல் அப்டேட் வரும்போது அது உடைந்துபோகலாம். செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்கவே ஏற்காது. புதிதாக லினக்ஸுக்கு வரும் ஒரு பையனிடம் இதையெல்லாம் செய்யச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. டாங்கிள் கிடைக்கும்வரை ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருடன் பகிர்வது) போட்டால் நெட் வந்துவிடும்.

‘1200 எம்பிபிஎஸ்’ என்று போட்டிருந்தால் யூஎஸ்பி முனையைப் பாருங்கள். உள்ளே நாலே நாலு தகடு இருந்தால் அது யூஎஸ்பி 2.0, அதன் மொத்த வேகமே 480 எம்பிபிஎஸ்தான். கடையில் அனுமதித்தால் மின்ட் லைவ் பென்டிரைவை (இன்ஸ்டால் செய்யாமலே மின்ட் ஓடும் பென்டிரைவ்) கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன்பே செருகிப் பாருங்கள். அனுமதிக்காத கடையில் வாங்கவேண்டாம்.

பெட்டியையும் தூக்கிப்போடாதீர்கள். இறக்குமதியாளர் பெயர் முகவரி, எந்த நாட்டுப் பொருள், எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு எண் எல்லாம் பெட்டியில் இருக்கவேண்டும் என்கின்றன 2011-இன் சட்டமுறை எடையளவு விதிகள். என் பெட்டியில் எம்ஆர்பி தவிர ஒன்றும் இல்லை. ‘திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்கவும் வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

பில், பெட்டியின் இரண்டு பக்கம், அந்த ‘பேண்ட் 1’ திரை எல்லாவற்றையும் இணைத்து 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது, கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதே பென்குயின் பெட்டியை வேறு ஊரில் யாராவது வாங்கியிருந்தால், எல்எஸ்யூஎஸ்பி வரியையும் பெட்டியின் படத்தையும் கீழே போடுங்கள்.