கொலம்பாவா, கொலம்பானுஸா?

அயர்லாந்தின் பழைய துறவிகளில் யாரை முதலில் படிக்கலாம் என்றால் இந்த இருவர்தான் நினைவுக்கு வருகிறார்கள். இருவரும் 6-ஆம் நூற்றாண்டில் பிறந்து, தாய்நாட்டை விட்டுப் போனவர்கள்.

அரச குலத்தில் பிறந்த கொலம்பா 563-இல் ஸ்காட்லாந்துப் பக்கம் போய், அயோனா தீவில் மடம் அமைத்தார். 597-இல் அங்கேயே இறந்தார். சுமார் நூறு ஆண்டு கழித்து அவர் வரலாற்றை எழுதியவர் அதே மடத்தின் தலைவர் அதோம்னான். பக்கமெல்லாம் அற்புதங்களும் தரிசனங்களும்தான். ஆனாலும் சாகும் நாளில் மடத்து வெள்ளைக் குதிரை அவர் மார்பில் தலை வைத்து அழும் இடம் மனதை உருக்கிவிடும்.

கொலம்பானுஸ் அப்படியில்லை. இவர் கடிதங்களே நம் கையில் இருக்கின்றன! ஈஸ்டர் நாளைக் கணக்கிடுவது பற்றிப் போப்பாண்டவர் கிரகோரியிடமே வாதாடுகிறார். பர்கண்டி (இன்றைய பிரான்சின் ஒரு பகுதி) மன்னன் தெயுதெரிக்கின் முறைகேடான பிள்ளைகளை ஆசீர்வதிக்க மறுத்தார். அந்தப் பகை வளர்ந்து, 610-இல் பிரான்சிலிருந்த லுக்ஸே மடத்தை விட்டே துரத்தப்பட்டார். அப்புறமும் ஓயவில்லை. ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலியில் போபியோ மடத்தை நிறுவி, 615-இல் மறைந்தார். முதலில் இவரையே படியுங்கள் என்பேன்.

வணக்கத்தில் கொலம்பாவே முந்துகிறார். புனிதர்கள் பாட்ரிக், பிரிஜிட்டுடன் அயர்லாந்தின் பாதுகாவலர் அவர். ஆனால் வட ஐரோப்பியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகளின் தாக்குதல்களால் அவருடைய புனிதப் பொருட்கள் 849-இல் பிரிக்கப்பட்டு அயோனாவை விட்டுப் போயின. கொலம்பானுஸின் கல்லறையோ இன்றும் போபியோவில், கோயிலின் நிலவறையில் இருக்கிறது.