முதல் டேபிள் சா: எட்டேகால் அங்குலமா, பத்து அங்குலமா, கவிழ்த்த கட்டரா?

மர வேலையில் புதிதாக இறங்கி டேபிள் சா, அதாவது மேசை நடுவே பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் அறுப்பு மெஷின், வாங்க வருபவர்கள் எடுத்ததும் கேட்பது “எத்தனை வாட் மோட்டார்?” என்றுதான். நான் பார்க்கச் சொல்வது முதலில் ஃபென்ஸ், அதாவது பலகையை ஒட்டித் தள்ள பிளேடுக்கு இணையாக நிற்கும் பக்கச் சட்டம். அடுத்து, பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்னும் தகடு இருக்கிறதா என்பது. வாட் கணக்கு அதற்கப்புறம்.

கவிழ்த்த கட்டரை வீடு கட்டும் இடங்களில் பார்த்திருப்பீர்கள். டைல்ஸ் அறுக்கும் நாலு அங்குலக் கட்டிங் மெஷினில் மர பிளேடு மாட்டி, பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக முடுக்கியிருப்பார்கள். செலவு மிகக் குறைவு. இருபது வருடம் மரத்தோடு பழகிய ஆசாரிக்கு அது கைவந்த கருவி. கற்றுக்கொள்பவர் கையில் நான் அதைக் கொடுக்க மாட்டேன். 110 மி.மீ. பிளேடு சுமார் 34 மி.மீ. ஆழம்தான் இறங்கும், அதில் 12 மி.மீ.யை மேசைப் பலகையே தின்றுவிடும். 18 மி.மீ. பிளைவுட் அறுபடும், 22 மி.மீ.க்கு மேல் இல்லை. சுழற்சியோ நிமிடத்துக்கு 12,000 சுற்றை ஒட்டி. எல்லாவற்றையும்விட, ரைவிங் நைஃப் கிடையாது.

அந்தத் தகட்டை நான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிளேடின் முன்பல் கீழே இறங்குகிறது. பின்பல் மேலே ஏறி நம் பக்கம் வருகிறது. உள்ளிறுக்கம் உள்ள மரம் அறுபட்டதும் இடைவெளி மூடிக்கொண்டு பின்பல்லில் பட்டால், பலகை எகிறி நம் வயிற்றுக்கே வரும். தகடு அந்த இடைவெளியை மூடவிடாமல் நிற்கிறது. ஃபென்ஸ் கோணலாக இருந்தாலும் இதே ஆபத்துதான்.

ஆகவே உண்மையான போட்டி, தூக்கிச் செல்லக்கூடிய இரண்டு அளவுகளுக்குள். டிவால்ட் கம்பெனியின் 7485, 7492 என்ற இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஃபென்ஸ் பற்சக்கரத்தில் நகர்வதால் முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் வரும். சின்னது 210 மி.மீ. பிளேடு; 65 மி.மீ. ஆழம், பிளேடிலிருந்து ஃபென்ஸ் வரை 622 மி.மீ. அகலம். நாலடி ஷீட்டில் பாதி 610 மி.மீ. என்பதால் பிளைவுட்டை நடுவில் பிளக்க இதுவே போதும். பெரியது 250 மி.மீ.; 77 மி.மீ. ஆழம், 825 மி.மீ. அகலம். நிலைச் சட்டத்துக்கான மூன்று அங்குல மரம் இதில் ஒரே ஓட்டத்தில் அறுபடும். சின்னதில் புரட்டிப் போட்டு இரண்டு முறை ஓட்ட வேண்டும்.

பெட்டி, அலமாரி, ஸ்டூல் என்றால் சின்னதை எடுங்கள். தேக்குச் சட்டம்தான் வேலை என்றால் பெரியது.

பெல்ட்டில் ஓடும் வார்ப்பிரும்பு மெஷின் அதிராது, சத்தமும் குறைவு. நிரந்தரப் பட்டறை இருந்தால் யோசிக்கலாம். ரைவிங் நைஃப் இல்லாமல் வருபவை பல, பார்த்து வாங்குங்கள்.

2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். மிச்சக் காசில் இரண்டு பிளேடு: நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல். நடுத்துளை அளவும் பிளேடின் தடிமனும் மெஷினுக்கும் ரைவிங் நைஃபுக்கும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். முதல் பலகையை அறுக்கும் முன் மிச்சத் துண்டில் ஒரு தள்ளுகட்டை செய்துகொள்ளுங்கள். கையுறை மட்டும் வேண்டாம். நூல் பிளேடில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.